நீர் வார்க்க ஆளில்லாத வளவு

1970களின் தொடக்கத்தில், கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், ஞாயிறு இதழின் மகளிர் பக்கம் என் தலையில் விழுந்தது. அப்பக்கத்தின் மூலையில் வீட்டுத்தோட்டம் பற்றிய ஒரு சிறு பத்தி வாரந்தோறும் வரவேண்டும். எழுதி வந்த அம்மையார் திருமணமாகி வெளிநாடு போய்விட்டார். "உமக்கு யாழ்ப்பாணம்தானே, தோட்டம் துரவு தெரியாமல் இருக்குமோ?" என்று ஆசிரியர் கேட்டார். தெரியாது என்று சொல்லும் துணிவு அன்று எனக்கு இருக்கவில்லை. ஒரு பெண்ணின் புனைபெயரில், பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டு காலம் அந்தப் பத்தியை எழுதினேன்.

ஒருநாள் கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு மெயில் வண்டியில் வந்திறங்கி, நேரே எமது அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பை. பைக்குள் காய்ந்து சருகான சில குச்சிகள். பத்தி எழுதும் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றார். வேறு வழியின்றி, அந்த அம்மா நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, முன்வாசலிலை ஹைட்ரேஞ்சா வைக்கச் சொல்லி எழுதினீர். நுவரெலியாவிலையிருந்து எடுப்பிச்சு வைச்சனான். நீர் எந்த ஊர்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். "உங்கடை ஊரிலை இது நிக்குமோ?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த வாரமே அந்தப் பத்தியை நிறுத்திவிடும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

அரை நூற்றாண்டுப் பத்திரிகை வாழ்வில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் அதுவே மிகச் சரியான கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். வீட்டைச் சுற்றி எதை நடுவது என்று சிந்திக்கும் எவரும் முதலில் கேட்கவேண்டியது, எது அழகாக இருக்கும் என்பதன்று. இந்த ஊரில் இது நிற்குமா என்பதுதான். அதை நான் உணர்ந்துகொள்ள 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வலிகாமம் வடக்கில் எங்கள் குடும்பத்துக்கு 4 பரப்புக் காணி உண்டு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது யாழ்ப்பாணத்துக் கணக்கு. ஆகவே அது கால் ஏக்கர். 1990 ஜூன் மாதத்தில் பெற்றோரும் அக்காவும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேறினார்கள். நான் கொழும்பில் இருந்தேன். தம்பி அதற்கு முன்னரே கனடா போய்விட்டான். அதன்பின் அந்த மண் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. அப்பாவும் அம்மாவும் அதை மறுபடி காணாமலேயே, இரவல் வீடுகளில் கண்மூடினார்கள். 2015இல் அப்பகுதியில் ஒரு தொகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம்.

கூரை இல்லை, கதவு, யன்னல், நிலைகள் எவையும் இல்லை. சுவர்கள் இடுப்பளவில் நின்றன. நடு விறாந்தையில், அப்பாவின் சாய்மனைக் கதிரை கிடந்த இடத்தில், ஒரு வேம்பு. சீமெந்து நிலத்தைப் பிளந்து எழுந்து, இரண்டு கைகளால் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நின்றது. ஏதோ ஒரு பறவை போட்ட விதையாக இருக்கவேண்டும்.

அழுவதற்கென்று போனவர்கள்தாம். ஆனால் அக்கா அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வளவைச் சுற்றி நடந்து, எவை நிற்கின்றன, எவை இல்லை என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். அம்மாவின் ரோசாக்கள் இல்லை. குரோட்டன் வரிசை இல்லை. கிணற்றடிப் பவளமல்லிகை இல்லை. அப்பா ஆசையோடு வைத்த தோடை இல்லை. நின்றவை இவை: பனைகள், அவற்றைச் சுற்றி எண்ணற்ற வடலிகள், புளி ஒன்று, தெற்கு எல்லையில் பூவரசு, கிளுவைக் கதியால்கள் மரமாகிப் போயிருந்தன, விறாந்தையில் வேம்பு, மூலையில் கற்றாழை. 25 ஆண்டுகள் எவரும் ஒரு வாளி நீர் வார்க்காத தோட்டத்தில் தேறியவை இவ்வளவும். "தம்பி, இதை எழுதி வை" என்றார் அக்கா. எழுதி வைத்தேன். பின்னர் நாங்கள் வகுத்த தோட்டத்துக்கு அந்தப் பட்டியலே அடிப்படை ஆயிற்று.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு நாட்களில் ரொறொன்ரோவிலிருந்து ஒரு படம் அனுப்பினான். அதே அத்திவாரத்தில் பழைய வீடு புதிதாக எழுகிறது. முன்னால் பச்சைக் கம்பளம் போன்ற புல்தரை. இரு மருங்கிலும் நெட்டிலிங்க மரங்கள். வாசலில் அலங்காரப் பாம். காசு தான் தருவதாகச் சொன்னான். வேம்பைத் தறித்துவிடும்படியும் சொன்னான். "நான் பிறந்த அறையிலை ஒருக்காப் படுக்கவேணும் அண்ணை" என்று அவன் கூறியபோது மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மறுத்தவர் மேசன். அத்திவாரக் கல்லுக்குள் வேர் ஊடுருவிவிட்டது என்று காட்டினார். மரத்தைத் தறித்தாலும் வேர் உள்ளே கிடந்து உக்கும். உக்கிய இடம் வெறுமையாகும். அதன்மேல் கட்டிய சுவர் இறங்கும். "காசை மண்ணுக்குள்ளை போடுறதெண்டால் போடுங்கோ ஐயா" என்றார். வீட்டை வடக்கே 20 அடி தள்ளிக் கட்டலாம் என்பது அவரது யோசனை. அக்காவும் நானும் அதற்கு இணங்கினோம். தம்பி இணங்கவில்லை. பல மாதங்கள் அவன் எங்களுடன் பேசவில்லை. நாங்கள் மரத்துக்காகத் தன்னைக் கைவிட்டதாக அவன் கருதினான். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஊரைப் பிரிந்து 30 ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு மிஞ்சியிருந்தது ஓர் அறையின் நினைவு மட்டுமே.

அவன் மனம் ஆறட்டும் என்று, அவன் படத்தில் இருந்த புல்தரையையாவது அமைத்துவிட எண்ணினேன். புது வீட்டின் முன் ஏறத்தாழ 1,000 சதுர அடியில் புல் பதித்தேன். மாரியில் அது படத்தில் உள்ளது போலவே இருந்தது. மே மாதம் சோளகக் காற்று எழுந்தபோது தொல்லை தொடங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் என்றாலும் 465 லீட்டர் வேண்டும். நாங்கள் இருவரும் குடித்து, குளித்து, சமைக்கும் நீரைவிட அது அதிகம். கிணற்று மட்டம் இறங்கிற்று. ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அக்கா கிணற்றுநீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் உவர்க்குது" என்றார். பின்னர் புல்லைக் காட்டி, "உதை மாடாவது தின்னுமோ?" என்று கேட்டார். அன்றே நீர் வார்ப்பதை நிறுத்தினேன்.

வெளிநாட்டில் பிறந்து வளரும் பிள்ளைகளுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். பெய்த நீர் செம்மண்ணுக்குள் இறங்கி, கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. கடல்நீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால், உவர்நீரின்மேல் அது வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. மேலேயுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் எழுந்து வரும். ஆகவே இங்கே தோட்டம் வைப்பவன் நீர்ச் செலவைக் கணக்கிட்ட பின்னரே செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. எங்கள் புது வீட்டுக் கூரையும் ஏறத்தாழ 1,000 சதுர அடிதான். ஓராண்டு மழை அதன்மேல் விழுந்தால், வழியில் இழப்பவை போக, 100,000 லீட்டராவது சேரும். முன்பு அது ஒழுங்கைக்கு ஓடியது. இப்போது பீலியினால் அதைக் கூட்டி, கல்லும் மணலும் நிரப்பிய ஒரு குழியினூடாக மண்ணுக்குள் இறக்குகிறோம். முதல் மழையில் கூரையின் தூசி வரும் என்பதால் அதை மட்டும் வெளியே விட்டுவிடுவோம்.

புல்தரை போனபின், ஒரு கிராப் தாளை எடுத்து முறையாகத் திட்டம் வரைந்தேன். காணி 110 அடிக்கு 99 அடி. ஓர் அங்குலத்துக்கு 10 அடி என்று அளவு வைத்துக்கொண்டேன். இதில் பலரும் செய்யும் தவறு, கன்றை அதன் இன்றைய அளவில் வரைவது. நன்கு வளர்ந்த மாமரத்துக்கு 30 அடி அகலம் வேண்டும். ஆகவே தாளில் 3 அங்குல வட்டம். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டேன். 10 மாங்கன்றுகள் வாங்கும் ஆசையோடு இருந்தவன், நான்கு கோப்பைகளிலேயே காணியின் கால்வாசி மறைவதைக் கண்டு இரண்டோடு நிறுத்தினேன்.

அடுத்து காற்றும் வெயிலும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் புழுதியோடு வீசும். அதனால் தெற்கிலும் மேற்கிலும் எஞ்சியிருந்த பூவரசையும் கிளுவையையும் வெட்டித் திருத்தி, இடைவெளிகளில் புதுக் கதியால் நட்டு, பழையபடி உயிர்வேலி ஆக்கினோம். மதில் காற்றைத் தடுத்து நிறுத்தி உள்ளே சுழலவைக்கும். இலைவேலி காற்றைச் சலித்து விடும். வெட்டும் குழையும் வீண்போவதில்லை. மரத்தடியில் தாழ்த்தால் பசளையாகும். மாலை வெயில் சுவரைச் சுடும் மேற்குப் பக்கத்தில் மாமரம் இரண்டுக்கும் இடம் ஒதுக்கினோம். ஒன்றை உடனே வைத்தோம். எமது அகலக்கோட்டில் ஏப்பிரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும் என்பதால், வடக்குச் சுவருக்கும் நிழல் தேவை. அங்கே கொன்றை ஒன்று. தென்னையை வீட்டுக்கு 25 அடி விலக்கியே வைத்தோம்; 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட அக்காவிடம் இதற்குக் காரணம் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆலும் அரசும் எங்கே முளைத்தாலும் கையோடு பிடுங்கினோம். அவற்றின் வேர் கிணற்றுக் கட்டையும் பிளக்கும்.

கிணற்றடியில் கழுவும் நீர் ஓடும் வாய்க்காலோரம் வாழை, கறிவேப்பிலை, மூலையில் பவளமல்லிகை. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். சுண்ணக்கல் எதையும் வடித்து நிறுத்தாது. குழியில் உள்ளது கிணற்றுக்கு வந்துவிடும்.

அழகைப் பற்றி இன்னும் எழுதவில்லையே என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு என் பழைய தொழிலே கைகொடுத்தது. பக்கம் அமைக்கும்போது தலைப்புச் செய்தி ஒன்றுதான் இருக்கவேண்டும். ஐந்து செய்திகளைப் பெரிய எழுத்தில் போட்டால் வாசகன் எதையும் வாசிக்கமாட்டான். எழுத்தில்லாத வெள்ளை இடமும் பக்கத்துக்கு வேண்டும். எங்கள் வளவின் தலைப்புச் செய்தி வேம்பு. வெள்ளை இடம் வீட்டின் முன்னாலுள்ள மணல் முற்றம். புல் இருந்த இடத்தில் மணல் பரப்பினோம். அக்கா விடியற்காலையில் அதைக் கூட்டினால் விளக்குமாற்றின் கோடுகள் வரிவரியாகத் தெரியும். நீர் கேட்பதில்லை, மழையைத் தடையின்றிக் கீழே விடும், பாம்பு வந்தால் தெரியும். எங்கள் தாய்மார் காலங்காலமாகச் செய்துவந்ததை நான் ஒரு பருவம் நீரை வீணாக்கிய பின்னரே கண்டுகொண்டேன்.

முற்றத்தின் ஓரங்களில் உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்ற ஒழுங்கில் செடிகள். பின்வரிசையில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, இடையில் எக்சோரா, முன்னால் பட்டிப்பூ. ஒவ்வொன்றிலும் ஒற்றைச் செடி வைக்காமல் மூன்று, ஐந்து என்று கூட்டமாக வைத்தால் கண் ஓரிடத்தில் தங்கும். படுக்கையறை யன்னலுக்கு வெளியே முல்லை. மஞ்சள் அலரியை மட்டும் அக்கா படலைக்குள் அனுமதிக்கவில்லை. அழகான பூ, வறட்சிக்கும் சாகாது. ஆனால் அதன் ஒவ்வொரு பகுதியும் நஞ்சு. 1980களிலிருந்து அது எங்கள் மண்ணில் எத்தனை இளம் உயிர்களைக் கொண்டுபோனது என்பதைச் செய்தியாக எழுதியவன் நான். ஒரு செடியைச் சேர்ப்பதைப் போலவே விலக்குவதும் திட்டத்தின் பகுதிதான்.

குழி வெட்டுவது இலகுவாக இருக்கவில்லை. ஓரடி செம்மண்ணுக்குக் கீழே கல். அலவாங்கு போட்டு உடைக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றிய நிலம்தான் என்றாலும், இரும்பில் இரும்பு பட்டுச் சத்தம் எழுந்த ஒவ்வொரு தடவையும் வேலையாள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஆகஸ்டில் குழி வெட்டி, மேல்மண்ணும் மாட்டெருவும் பனையோலையும் இட்டு ஆறவைத்து, ஒக்டோபர் முதல் மழையோடு நட்டோம். வேர் ஓடும் மூன்று மாதமும் வானமே நீர் வார்த்தது.

பழைய அத்திவாரத்தை என்ன செய்வது என்பதுதான் எஞ்சியிருந்தது. இடித்து அள்ளினால் லொறிக் கூலி மட்டுமே என்றார் மேசன். அக்கா விடவில்லை. சுவர்களை நிலமட்டத்துக்கு இறக்கி, சுவர் நின்ற கோடுகள் வழியே இருபுறமும் பட்டிப்பூ நட்டார். வாசல்கள் இருந்த இடங்களை வெறுமையாக விட்டார். இப்போது வேம்பின் நிழலில் பழைய வீட்டின் வரைபடம் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கிறது. அடுப்படி எது, சாமியறை எது, விறாந்தை எது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

இந்த நாட்டில் தோட்டம் அமைத்த சகோதரர்கள் என்றால் பாவா சகோதரர்களைச் சொல்வார்கள். மூத்தவர் பெவிஸ் பாவா 1929இல் ஒரு றப்பர்த் தோட்டத்தைப் பூங்காவாக்கத் தொடங்கினார். இளையவரான கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையை வாங்கி, 2003இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார். ஈழத்தலரியின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு அவற்றை வளைத்தார். முன்பு அங்கே போயிருந்தபோது, 50 ஆண்டு ஒரு மனிதன் ஒரே நிலத்தில் இருந்தானே என்ற வியப்புத்தான் எனக்கு மேலோங்கியது. எங்களில் பலருக்கு அது வாய்க்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எவரும் இங்கே வந்து வாழப்போவதில்லை என்பதும் தெரியும். ஆகவேதான் ஒவ்வொரு கன்றையும் நடுமுன் அக்காவும் நானும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: நாங்கள் இல்லாமல் இது நிற்குமா? பவளமல்லிகைக்கும் வாழைக்கும் மட்டும் விலக்கு அளித்தோம். ஆசைக்கும் கொஞ்சம் இடம் வேண்டுமல்லவா?

2018 ஆகஸ்டில் தம்பி வந்தான். படலையைத் திறந்தவன் புது வீட்டைப் பார்க்கவில்லை. நேரே வேம்படிக்குப் போனான். பட்டிப்பூக் கோட்டைத் தாண்டவில்லை. சுற்றி வந்து, வாசல் இருந்த இடைவெளியால் உள்ளே நுழைந்தான். விறாந்தை, அதன் இடப்புறம் அறை. அறைக்குள் நின்று சிறிது நேரம் மேலே இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர் அக்காவிடம் ஒரு பாய் கேட்டான். அன்று பிற்பகல் முழுவதும், சோளகம் வேம்பில் இரைந்துகொண்டிருக்க, தான் பிறந்த அறையில் அவன் உறங்கினான். நான் வரைந்த தாளில் மேற்குப் பக்கத்தில் இரண்டாவது கோப்பை வட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய் ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் கன்று ஒன்றை வாங்கிவந்து, மழை வரும்வரை பொறுக்கமுடியாதவனாய், போகும் முன்னரே அங்கே நட்டான். அதற்கு மட்டும் அக்கா இரண்டு மாதம் வாளியால் நீர் வார்த்தார்.

2023இல் அது முதன்முதலாகக் காய்த்தது, பதினொரு பழங்கள். முதற் பழத்தை அக்கா வெட்டுவதைத் தொலைபேசியில் காட்டினேன். அங்கே நள்ளிரவு. "அண்ணை, இனிக்குதோ?" என்று கேட்டான். இனிப்புத்தான். தோலோரம் சற்றுப் புளித்தது. அதையும் சொன்னேன்.